ரோலாவில் ரஃபீக்கின் கட்டில்

டும். தூரத்தில் ஷெல் புறப்படும் குத்து. எண்ணத் தொடங்குகிறோம். ஒன்று. இரண்டு. மூன்று. கூவல் கேட்டால் ஷெல் தலைக்கு மேலால் போய்விடும். கேட்காவிட்டால் எங்களுக்கு. இன்று கூவல் இல்லை.

வலைஞர்மடம். வன்னிக் கடற்கரை. 2009, மார்ச். திகதி தெரியாது. நேரம் தெரியும். காலை ஏழு பத்து. மாஸ்டரின் ரேடியோவில் செய்தி அப்போதுதான் முடிந்திருந்தது. எனக்குப் பதினொரு வயது.

முதல் ஷெல் தென்னைகளுக்குள் விழுகிறது. மணல் எழும்பி மழையாகக் கொட்டுகிறது. "ஓடு, பங்கருக்கு ஓடு!" அப்பா கத்துகிறார். அம்மா தங்கையைத் தூக்கிக்கொள்கிறார். தங்கை பெயர் சுமதி. ஐந்து வயது. நான் முன்னால் ஓடுகிறேன். நாங்கள் ஓடுவது மாஸ்டரின் பங்கருக்கு. எங்களுக்கென்று பங்கர் இல்லை.

மாஸ்டர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கிளிநொச்சியில் அவருடைய வயலில் அப்பா கூலி வேலை செய்தார். இடம்பெயர்ந்தபோது அவருடைய டிராக்டரில் சாமான்களோடு சாமான்களாக நாங்களும் வந்தோம். மலைநாட்டில் கலவரத்தில் லயத்து வரிசை வீடு எரிந்து வன்னிக்கு வந்த தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் எங்களுடையது. வன்னியில் எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது. தோட்டக்காட்டான். முகத்துக்கு முன்னால் சொல்லமாட்டார்கள். சற்று விலகியதும் சொல்வார்கள். காதில் விழும் தூரத்தில்.

அந்தப் பங்கரை வெட்டியவர் அப்பா. கடற்கரை மணலில் பங்கர் வெட்டுவது லேசில்லை. வெட்ட வெட்டச் சரியும். இரண்டு நாள் வெட்டினார். தென்னங்குற்றி சுமந்து வந்து அடுக்கினார். மாஸ்டர் வீட்டுப் பழைய சேலைகளில் அம்மா பை தைத்தார். மண் நிரப்பினார். நமக்கு நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்றார் அப்பா. அந்த நாளை இதுதான்.

பங்கர் வாசலில் நிற்கிறேன். உள்ளேயிருந்து மாஸ்டரின் குரல். "இடமில்லை. அங்கால போங்கோ!"

அவருடைய மனைவியின் குரல் அவ்வளவு உயரவில்லை. "தோட்டக்காட்டுச் சனம் தானே. வெளியில கிடந்து பழகினதுகள்."

இடம் இருந்தது. நான் பார்த்தேன். இரண்டு சூட்கேஸ். ஒரு தையல் மெஷின். சாய்த்து வைத்த சைக்கிள். சைக்கிளுக்குப் பக்கத்தில் நான்கு பேர் குந்தியிருக்கலாம். நாங்கள் நான்கு பேர்.

டும். இரண்டாவது குத்து.

"படுத்துக்க! படுத்துக்க!"

படுத்தேன். முகம் மணலுக்குள். சத்தம் கேட்கவில்லை. காதுக்குள் விசில் மட்டும். அது நீண்ட நேரம் ஊதியது. நிமிர்ந்தபோது அம்மா சுமதிக்கு மேல் கவிழ்ந்து கிடந்தார். சுமதியின் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா அம்மாவைப் புரட்டினார். பிறகு பழையபடி கவிழ்த்துவிட்டார். நான் பார்க்கக் கூடாது என்று.

ஏழரைக்கு மாஸ்டர் வெளியே வந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். "பாவங்கள்" என்றார். குழி வெட்ட அப்பாவிடம் மண்வெட்டி கொடுத்தார். அது அப்பாவின் மண்வெட்டி.

ஷெல் அடித்தவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். வாசலில் நின்று இடமில்லை என்று சொன்னவர்களைப் பற்றி எழுத ஆளைக் காணவில்லை. அவர்கள் எங்களுடைய ஆட்கள். கலியாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள். அதனால் நான் எழுதுகிறேன். அந்த வேலையை நானும் செய்தேன். அதனாலும் எழுதுகிறேன்.

ஷார்ஜா. ரோலா. மூன்றாம் மாடி. ஓர் அறை, ஆறு கட்டில். எனக்கு இருபத்தெட்டு வயது. ஏசி டெக்னீஷியன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். அப்பா இன்றும் கைநாட்டுத்தான்.

அறையில் மூத்தவர் முருகேசன் அண்ணன். புதுக்கோட்டைப் பக்கம். டிரைவர். அடுத்தது குகன். யாழ்ப்பாணம். கணக்குப் படித்துவிட்டு ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை. இன்னும் இரண்டு பேர் திருச்சிப் பக்கம். முருகேசன் அண்ணன் தலையாட்டினால் அவர்களும் ஆட்டுவார்கள். ஆறாவது ரஃபீக். புத்தளம். கீழே தெருமுனை கஃபடீரியாவில் தேநீர் போடுகிறவன். கடை காலை நாலரைக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. நடந்து போகும் தூரத்தில் கட்டில் இருந்தால்தான் அவனுக்கு வேலை. கட்டில் போனால் வேலை போகும். வேலை போனால் புத்தளத்தில் ஐந்து பேரின் அடுப்பு அணையும். இது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

ரஃபீக்கின் உம்மா மன்னார்க்காரி. 1990 இல் ஊரை விட்டுப் போனவர். போகச் சொன்னது தமிழர்கள். துவக்கோடு வந்து, நேரம் குறித்து, முஸ்லிம்கள் எல்லோரும் போகவேண்டும் என்றார்கள். அக்கம்பக்கம் வேலிக்குள் நின்று பார்த்தது. ரஃபீக் பிறந்ததே புத்தளத்து அகதிக் குடியிருப்பில். இதை அவன் ஒரு தடவைதான் சொன்னான். வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னான். குகன் அன்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் அறையில் சமையல் முறை வைத்துத்தான். வெள்ளிக்கிழமை ரஃபீக்கின் முறை. வெள்ளி மட்டும் யாரும் வெளியில் சாப்பிடமாட்டார்கள். மே மாதத்தில் குகன் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவான். அரிசி, தண்ணீர், உப்பு. போரின் கடைசி நாட்களில் எங்களுக்குக் கிடைத்த ஒரே சாப்பாடு. அதை நினைவுக்குக் குடிப்பது வழக்கம். கடந்த மேயில் குகனுக்குக் காய்ச்சல். அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவன் ரஃபீக். கிளாஸில் ஊற்றி எல்லோர் கையிலும் கொடுத்தான். குகன் படம் எடுத்துப் போட்டான். மறக்கமாட்டோம் என்று எழுதினான். படத்தில் கிளாஸ் இருந்தது. ரஃபீக் இல்லை.

கடந்த ஜனவரியில் ஒரு வீடியோ வந்தது. தொப்பி போட்ட ஒருவன் சோற்றுப் பானையில் ஏதோ வெள்ளையாகப் போடுகிறான். எந்த நாடு, தெரியாது. எந்த வருடம், தெரியாது. உப்பாகக்கூட இருக்கலாம். பின்னணியில் ஒரு தமிழ்க் குரல். பிள்ளை பிறக்காமல் இருக்க மாத்திரை கலக்குகிறார்களாம். முருகேசன் அண்ணன் அதை ஒன்பது தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கேட்டது எனக்கு.

ரஃபீக் கடையில் இருந்த நேரம் பார்த்துக் கூட்டம். கட்டில்களில் உட்கார்ந்துதான்.

"எனக்குக் கல்யாணமாயி அஞ்சு வருசம் தம்பி" என்றார் முருகேசன் அண்ணன். "இன்னும் ஒண்ணும் தங்கல. ஆக்கிப் போடுறது யாரு? நீயே யோசிச்சுப் பாரு."

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் போய் நாற்பது நாள் வீட்டில் இருக்கிறவர் அவர். குறை சோற்றில் இருக்கிறதாம்.

"நான் ரஃபீக்க ஒண்டும் சொல்லேல்ல" என்றான் குகன். "பொதுவாச் சொல்லுறன். கவனமா இருக்கிறது நல்லந்தானே."

பொதுவாகச் சொல்கிறவர்கள் தீவிரமானவர்களைவிடக் கெட்டிக்காரர்கள். கையில் எதுவும் ஒட்டாது.

திருச்சிக்காரர் இருவரும் தலையாட்டினார்கள். முடிந்தது. மாத முடிவில் ரஃபீக் போகவேண்டும். சொல்வது முருகேசன் அண்ணன். காரணம், அண்ணனின் சொந்தக்காரப் பையன் வருகிறான். அப்படி ஒரு பையன் இல்லை. வெளியே தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொரு தாடிக்கும் இதே ஆட்கள்தான் ஸலாம் வைக்கிறார்கள். நெஞ்சில் கை வைத்து. சம்பளம் போடுகிற கையில் மாத்திரை இருக்காது என்று நிச்சயம்.

"போர்டு எழுதணும்" என்றார் அண்ணன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ரோலாவில் கட்டில் காலியானால் ஒரு தாளில் எழுதி விளக்குக் கம்பத்தில் ஒட்டுவோம். அடியில் ஃபோன் நம்பரை வரிசையாக எழுதி, வாலாக வெட்டி விடுவோம். வேண்டியவன் ஒரு வாலைக் கிழித்துக்கொண்டு போவான். ஒவ்வொரு தாளிலும் ஒரு 'மட்டும்' இருக்கும். மலையாளிகளுக்கு மட்டும். பாகிஸ்தானிகளுக்கு மட்டும். சைவச் சாப்பாட்டுக்காரருக்கு மட்டும். அந்தக் கம்பங்களை வருடக்கணக்காக வாசித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒருநாளும் உறுத்தியதில்லை. பஸ் நேரம் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போவேன்.

அறையில் எழுத்து வேலை என்னுடையது. எல்லோருடைய ஃபாரமும் நான்தான் நிரப்புவேன். படிச்ச புள்ள என்பார் அண்ணன். அந்தச் சொல்லுக்கு நான் நாய்போல வாலாட்டுவேன்.

மறுத்திருக்கலாம். மறுத்தால் குகன் கேட்பான். உங்கட சொந்த இடம் எது? வந்த புதிதில் ஒருமுறை கேட்டான். கிளிநொச்சி என்றேன். அதற்குமுன்? கிளிநொச்சிதான் என்றேன். தாத்தா கொழுந்து சுமந்த கதையை நான் அந்த அறையில் திறந்ததே இல்லை. அந்தக் கேள்வி திரும்ப வரக்கூடாது. ஒரு மனிதனின் கட்டிலைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

எழுதினேன். கறுப்பு மார்க்கர். மூன்று தாள். கட்டில் காலி. ரோலா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். தமிழ் இந்துக்களுக்கு மட்டும். மட்டும் என்பதற்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். யாரும் கோடு போடச் சொல்லவில்லை. வால்களை ஒரே அளவில் வெட்டினேன். காலை எட்டு மணிக்கு டியூட்டிக்குப் போகிற வழியில் மூன்றையும் ஒட்டினேன். அன்று ஜனவரி 26.

அன்றைய வேலை துபாயில். பழைய வீடொன்றில் சின்னக் கண்காட்சிக் கூடம். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அடுத்த நாள் அங்கே நிகழ்ச்சி. ஐரோப்பாவில் யூதர்களைக் கொன்றதை உலகம் நினைவுகூர்கிற நாள் ஜனவரி 27. அறுபது லட்சம் பேர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது அரை வரி. அந்த அரை வரியை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான்.

டிரெய்ன் பைப்பில் அடைப்பு. ஊதிவிட்டேன். தண்ணீர் வடியக் காத்திருந்தேன். சொட்டு. சொட்டு. ஏணியில் உட்கார்ந்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்தேன். பெரிய படங்கள் எல்லாம் அந்தப் பக்கம். ரயில். முள்கம்பி. எனக்கு முன்னால் இருந்தது சின்னப் படம். பூங்கா. ஒரு பெஞ்சு. ஆட்கள் யாரும் இல்லை. பெஞ்சின் சாய்மானத்தில் என்னவோ எழுதியிருக்கிறது. இறங்கிப் போய்க் கீழே இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தேன். யூதர்கள் இதில் உட்காரக் கூடாது. அதுதான் எழுதியிருந்தது. கொலைக்கூடங்கள் வருவதற்கு வருடங்களுக்கு முன்பு. முதலில் வந்தவை பெஞ்சுகள்தான். கடை வாசல்கள். நீச்சல்குளங்கள்.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பிலிப்பினோ அக்கா பக்கத்தில் வந்து நின்றார். எல்லோரும் நேராக ரயில் படத்துக்குப் போகிறார்கள் தம்பி, இந்தப் படத்தின் முன்னால் யாரும் நிற்பதில்லை என்றார் ஆங்கிலத்தில். பாதம் வலிக்கிறது என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் நின்றேன். எழுத்தைத்தான் பார்த்தேன். நேர்த்தியான எழுத்து. இடைவெளி எல்லாம் சமம். அவசரமாகக் கிறுக்கியதில்லை. யாரோ படித்த பிள்ளை. யாரோ தூரிகையைத் துடைத்துத் துடைத்து எழுதியிருக்கிறான். எழுதி முடித்துச் சற்றுத் தள்ளி நின்று பார்த்திருப்பான். நானும் காலையில் அப்படித்தான் தள்ளி நின்று பார்த்தேன்.

ஒப்பிடவில்லை. வலைஞர்மடத்தையும் அதையும் ஒப்பிடவில்லை. எவருடைய சாவு பெரிது என்று அளக்கிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலையில்லை. நான் சொல்வது பெஞ்சைப் பற்றி. பெஞ்சில் எழுதியவன் யாரையும் கொன்றிருக்கமாட்டான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். மாஸ்டரும் ஷெல் அடிக்கவில்லை. இடமில்லை என்றார். அவ்வளவுதான்.

மாலை ஆறு இருபதுக்கு ரோலாவில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுக் கம்பத்தில் இருந்த தாளைக் கிழித்தேன். மாவு மில் சுவரில் இருந்ததையும் கிழித்தேன். மூன்றாவது சூப்பர் மார்க்கெட் பக்கத்துக் கம்பத்தில். அதில் நாலு வால் குறைந்திருந்தது. பத்து மணித்தியாலத்தில் நாலு தமிழர். நல்ல வேகம்.

அறைக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். ரஃபீக்கும் இருந்தான். அவனுடைய கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டிருந்தான். மாத முடிவுக்கு இன்னும் ஐந்து நாள்.

"ரஃபீக் போகத் தேவையில்லை" என்றேன். "தாளக் கிழிச்சிட்டேன்." கிழிந்த தாள்களை நடுவில் போட்டேன்.

"உனக்கென்ன விசரா?" என்றான் குகன். "நாலு பேர் ஃபோன் பண்ணிட்டாங்கள்."

"அந்த வீடியோ பொய். ரெண்டு வருசமா இவன் கையால சாப்பிட்டோம். நீ குடிச்ச கஞ்சியும் இவன் காய்ச்சினதுதான்."

"கஞ்சியப் பற்றி நீ கதையாத. அங்க செத்தது எங்கட சனம்."

"எங்கம்மாவும் தங்கச்சியும் அங்கதான் செத்தாங்க" என்றேன். இதுவரை அந்த அறையில் சொல்லாதது. என் பேச்சு அப்பாவின் பேச்சாக மாறிவிட்டிருந்தது. "பங்கருக்குள்ள எடம் இருந்திச்சு. ஒங்க வாத்தியார் ஒருத்தர் விடல. ஏன் தெரியுமா? நாங்க தோட்டக்காட்டான்."

குகன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு சிரித்தான். "அதான் பார்த்தன். எழுத்து யாழ்ப்பாணம் மாதிரி, கதைக்கிறது வேற மாதிரி இருக்கே எண்டு."

மாஸ்டரின் குரலுக்கும் இதற்கும் பதினேழு வருடம். ஒரு மூச்சு அளவுகூட மாறவில்லை.

"தம்பி, நீ சின்னப் புள்ள" என்றார் முருகேசன் அண்ணன். "ஒன்னய யாரு என்ன சொன்னா? நீ இரு. நீ நம்ம ஆளு. இந்த விசயத்துல தலையிடாத."

நான் ரஃபீக்கைப் பார்த்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று இப்போது யோசித்தால் கூசுகிறது. நன்றியை எதிர்பார்த்தேன்.

ரஃபீக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "மச்சான், காலயிலயே பாத்துட்டன்" என்றான். "சூப்பர் மார்க்கெட்டுக்கு டீ கொண்டுபோகக்குள்ள. ஒன்ட எழுத்து எனக்குத் தெரியாதா? என்ட விசா ஃபாரமும் நீதானே எழுதின. நல்ல எழுத்து."

"ரஃபீக், நான்—"

"கோடு எல்லாம் போட்டிருந்தாய்."

குகன் ஃபோனை எடுத்துக்கொண்டான்.

"நீ இரு ரஃபீக்" என்றேன். "யாரும் உன்னப் போகச் சொல்ல ஏலாது. நான் இருக்கிறன்."

"இருந்து? வெள்ளிக்கிழம நான் ஆக்குவன். நீங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருப்பீங்க, யாரு மொதல்ல வாய்ல வைக்கிறதுண்டு." அவன் முருகேசன் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தான், மரியாதையாக. "உம்மாக்குக் குடுத்த நேரத்த விட எனக்குக் கூடத்தான் குடுத்திருக்கீங்க. அதுக்கு நன்றி."

ஏழு ஐந்துக்குப் போனான். படியில் மெத்தை இடிபடும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. கீழ்வரை தூக்கிக் கொடுத்தேன். டாக்ஸியில் ஏறும்போது அவன் கை கொடுக்கவில்லை. புஜைராவில் மச்சினன் ஒருவன் துறைமுக வேலையில் இருக்கிறான், அங்கே போகிறேன் என்று டிரைவரிடம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை நாலரைக்கு ரோலாக் கடை திறந்தது. அங்கே தேநீர் போட அவன் இல்லை.

அன்று ஜனவரி 27. குகன் ஃபோனில் ஒரு மெழுகுவர்த்திப் படம் போட்டிருந்தான். உலகின் எல்லா இனப்படுகொலைகளுக்கும் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே நிறையப் பேர் கைகூப்பியிருந்தார்கள். நினைவுகூர்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. அடுத்தவன் செய்ததை எல்லாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

நான் உடனே வெளியேறிவிடவில்லை. அப்படி எழுத ஆசைதான். பொய். வேறு கட்டில் கிடைக்கவில்லை. பதினொரு நாள் அங்கேயே கிடந்தேன். ரஃபீக்கின் கட்டிலுக்கு எதிரில். வீடியோவை அறையின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ திரும்பப் போட்டார்கள். இது பொய், இதைப் பரப்புகிறவர்கள் சாப்பிட்ட வீட்டையே எரிக்கிறவர்கள் என்று எழுதினேன். எழுதிய கை அதே கைதான். என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கம்பெனியின் தமிழ் ஆட்கள் குழுவிலும் எழுதினேன். அங்கேயும் நீக்கினார்கள். பன்னிரண்டாம் நாள் கட்டில் கிடைத்தது. ஒரு நேபாளி, இரண்டு வங்காளதேசத்தார், ஒரு திருநெல்வேலிக்காரர், நான். அவர்கள் ஒட்டிய தாளில் கட்டில் காலி என்று மட்டும் இருந்தது. இப்போது யாராவது என்னிடம் தாள் எழுதக் கேட்டால் எழுதித் தருகிறேன். யாருக்கு மட்டும் என்று சொல்லத் தொடங்கினால் மார்க்கரை மூடிவிடுகிறேன். என்ன பெரிய மனுசனா என்கிறார்கள். இல்லை. ஒருமுறை எழுதியவன்.

கணக்குச் சொல்லவேண்டும்.

வலைஞர்மடத்தில் இழந்தது. அம்மா, முப்பத்திரண்டு வயது. சுமதி, ஐந்து வயது. அப்பாவின் இடது காது கேட்காமல் போனது. எங்களிடம் இருந்த ஒரே ஒரு குடும்பப் படம். மாஸ்டர் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. தையல் மெஷினும் தப்பியது.

மன்னாரில் ரஃபீக்கின் உம்மா இழந்தது. ஒரு வீடு. இரண்டு மாடு. தன் மகன் பிறந்திருக்கவேண்டிய ஊர்.

ரோலாவில். ஷெல் விழவில்லை. யாரும் கத்தவில்லை. ரஃபீக் தன் கட்டிலை இழந்தான். வேலையை இழந்தான். முருகேசன் அண்ணனும் குகனும் எதையும் இழக்கவில்லை. ஆறாவது கட்டிலுக்கு மூன்றாம் நாளே ஆள் வந்துவிட்டது.

நான் இழந்தது ஒரு நண்பன். உயிரோடு இருக்கிறான். புஜைராவில். வெள்ளிக்கிழமைகளில் ஃபோன் பண்ணுகிறேன். மணி போகிறது. எடுப்பதில்லை.